இங்க்ஸ்கேப்பில் அனிமேஷன்: டைம்லைன் பேனலைத் தொடுவதற்கு முன்னால்

கோடுகளாலும் வடிவங்களாலும் படம் வரையும் மென்பொருளான இங்க்ஸ்கேப்பைப் பற்றி எனக்கு வந்த கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். "இங்க்ஸ்கேப் வேலை செய்வதே எஸ்விஜி என்ற படக் கோப்பு வடிவத்தில்தான். எஸ்விஜி தரத்தில் 2001ஆம் ஆண்டிலிருந்தே அனிமேஷன் இருக்கிறது. அப்படியிருந்தும் இங்க்ஸ்கேப்பில் அசைவை நொடிவாரியாக அடுக்கிக் காட்டும் ஒரு டைம்லைன்கூட ஏன் இல்லை? எனக்கு சி++ ஓரளவு வரும். திரையின் அடியில் ஒரு டைம்லைன் பேனலைச் சேர்த்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரிதானே?"

இல்லை. பேனல் என்பது கடைசியில் செய்ய வேண்டிய வேலை, அதுவும் இருப்பதிலேயே சுலபமான வேலை. நானும் பேனலில்தான் தொடங்கினேன், அதனால் தெரியும். இரண்டு வார இறுதிகளில் பார்க்க அழகான ஒன்று தயாராகிவிட்டது. வரிசையாகச் சின்னச் சின்ன வைர வடிவக் கீஃப்ரேம்கள் (எந்த நொடியில் பொருள் எப்படி இருக்க வேண்டும் என்ற குறிகள்), இழுத்தால் நகரும் சிவப்புக் கோடு, ஓட்டவும் நிறுத்தவும் பட்டன்கள். கோட்டை இழுத்தால் படத்தில் இருந்த ஊசல் அசையவும் செய்தது. அப்புறம்தான் வினை ஆரம்பித்தது.

நான் செய்திருந்தது இவ்வளவுதான்: கோடு நகரும்போதெல்லாம் அந்த நொடிக்கு உரிய டிரான்ஸ்ஃபார்ம் மதிப்பை, அதாவது பொருளின் நகர்வையும் சுழற்சியையும் அளவையும் சொல்லும் எண்களை, கணக்குப் போட்டு, ஊசலின் எக்ஸ்எம்எல் நோடில் (கோப்பில் அந்தப் பொருளுக்கான பதிவில்) எழுதிவிடுவது. 10 நொடி அசைவு, நொடிக்கு 24 ஃபிரேம். ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு கன்ட்ரோல்-இசட் அழுத்தினேன். கடைசியாக வரைந்த வட்டம் மறையும் என்று பார்த்தால், ஊசல் ஒரு ஃபிரேம் பின்னால் போனது. அந்த வட்டத்தைப் போய்ச் சேர 240 முறை அழுத்த வேண்டும். சும்மா ஓட்டிப் பார்த்ததற்கே 'கோப்பு மாறிவிட்டது, சேமிக்கவில்லை' என்ற குறி தலைப்பில் வந்துவிட்டது. நடுவில் தானியங்கிச் சேமிப்பு வேறு ஓடி, ஊசல் பாதி வழியில் சாய்ந்து நிற்கும் கோலத்தை என் மூலப்படமாக எடுத்து வைத்திருந்தது. மூன்றுமே தனித்தனி பக் என்று நினைத்து மூன்றையும் தனித்தனியாகச் சரிசெய்யப் பார்த்தேன். உண்மையில் மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்.

இங்க்ஸ்கேப்புக்குள் ஒரு படம் மூன்று மரங்களாக, அதாவது கிளைகளாகப் பிரியும் மூன்று பட்டியல்களாக, இருக்கிறது. முதலாவது எக்ஸ்எம்எல் மரம். கோப்பில் என்ன எழுதியிருக்கிறதோ அது அப்படியே. இரண்டாவது பொருள் மரம். குறிமுறையில் எஸ்பிஆப்ஜெக்ட் என்ற வகுப்பிலிருந்து கிளைக்கும் வகுப்புகள் எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. இது செவ்வகம், இது எழுத்து, இது குழு என்ற அறிவு இந்த மரத்துக்கு உண்டு. மூன்றாவது காட்சி மரம். திரையில் எதை எங்கே வரைய வேண்டும் என்பது மட்டும் அதற்குத் தெரியும். மாற்றம் வழக்கமாக முதல் மரத்தில் நடக்கும், அங்கிருந்து வழிந்து இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் வரும். அன்டூ பதிவாவதும் முதல் மரத்தில் நடக்கும் மாற்றங்களை வைத்துத்தான். 2003இல் சோடிபோடி என்ற மென்பொருளிலிருந்து இங்க்ஸ்கேப் பிரிந்து வந்தபோதே கூடவே வந்த அடித்தளம் இது. நிலையான படத்துக்கு இதைவிட நேர்மையான அமைப்பைச் சொல்வது கஷ்டம்: கோப்பில் இருப்பதுதான் திரையில் தெரியும், திரையில் தெரிவதுதான் கோப்பில் இருக்கும்.

அந்த நேர்மைதான் அனிமேஷனுக்கு இடிக்கிறது. அசையும் படத்தில் ஒரு பண்புக்கு ஒரே சமயத்தில் இரண்டு மதிப்புகள் வேண்டும். ஓவியர் வைத்த அடிப்படை மதிப்பு ஒன்று. இந்த நொடியில் கண்ணுக்குத் தெரிய வேண்டிய மதிப்பு இன்னொன்று. எஸ்விஜி தரத்தை எழுதியவர்கள் இதை அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள். அதனால்தான் பழைய எஸ்விஜி டாமில் (நிரல்கள் படத்தைத் தொடும் இடைமுகத்தில்) அசைக்கக்கூடிய பல பண்புகளுக்குப் பேஸ்வால், அனிம்வால் என்று இரண்டு முகங்கள் உண்டு. இங்க்ஸ்கேப்பில் அந்த இரண்டாவது முகத்துக்கு இடமே இல்லை. என்னுடைய முதல் முயற்சி கண்ணுக்குத் தெரியும் மதிப்பைக் கொண்டுபோய் அடிப்படை மதிப்பின் தலையில் எழுதியது. அன்டூ குழம்பியது, குறி வந்தது, தானியங்கிச் சேமிப்பு பாழானது எல்லாமே அதன் பிள்ளைகள்.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான்: காலம் எந்த மரத்தில் குடியிருக்கப் போகிறது என்று முடிவு செய்யாமல் ஒரு பட்டன்கூட வரையாதீர்கள். என் கருத்தில், அது ஒருபோதும் முதல் மரத்தைத் தொடக்கூடாது. கீஃப்ரேம்கள் எக்ஸ்எம்எல்லில் சேமிக்கப்படலாம், சேமிக்கப்படத்தான் வேண்டும். ஆனால் 'இப்போது 3.2ஆவது நொடி' என்பது எக்ஸ்எம்எல்லுக்குத் தெரியக்கூடாது. அது பெரிதாக்கிப் பார்ப்பது மாதிரி, பார்ப்பவருடைய நிலை. படத்தை 400 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால் யாரும் அதை அன்டூவில் பதிவதில்லை அல்லவா?

அன்டூ பதிவைத் தற்காலிகமாக அணைத்து வைக்கும் வசதி குறிமுறையில் ஏற்கெனவே இருக்கிறதே, அதைப் பயன்படுத்தினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் செய்து பார்த்தேன். அன்டூ பிரச்சினை தீர்ந்த மாதிரி இருந்தது, ஆனால் 3.2ஆவது நொடியில் நின்றுகொண்டு பயனர் நிறத்தை மாற்றிவிட்டு, பிறகு பழைய நிலைக்குத் திரும்பினால், பதிவாகாத மாற்றங்களின் மேல் பதிவான மாற்றங்கள் உட்கார்ந்திருக்கும். அன்டூ தப்பான அடித்தளத்தின் மேல் ஓடும். அந்த வழி வேண்டாம்.

டிரான்ஸ்ஃபார்ம், ஒளிபுகு தன்மை இரண்டையும் காட்சி மரத்திலேயே நேரடியாகத் தலையிட்டு மாற்றிவிடலாம். அங்கே ஒவ்வொரு பொருளும் தன் டிரான்ஸ்ஃபார்மையும் ஒளிபுகு தன்மையையும் தனியாக வைத்திருக்கிறது. மேலே உள்ள இரண்டு மரங்களுக்கும் விஷயமே தெரியாது. நிறம், கோட்டின் தடிமன், பாத் எனப்படும் வளைகோட்டின் வடிவம் என்று வரும்போது இரண்டாவது மரத்துக்கு ஏற வேண்டியிருக்கும், வேலையும் கூடும். அதனால்தான் முதல் பதிப்பில் டிரான்ஸ்ஃபார்ம், ஒளிபுகு தன்மை, தெரிவது-மறைவது இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் கைகால்களைத் தனித்தனியாக வெட்டி ஒட்டிய பொம்மை அசைவு, லோகோ அசைவு, விளக்கப்படம் ஆகியவற்றில் பெரும்பாலானவை இந்த மூன்றிலேயே அடங்கிவிடும்.

இப்போது படம் வரையும் பரப்பான கேன்வாஸுக்கு வருவோம். பயனர் 2ஆவது நொடிக்குப் போய் ஒரு பொருளை இழுத்து வலப்பக்கம் வைக்கிறார். 'அங்கே ஒரு கீஃப்ரேம் பதிந்துகொள்' என்று அர்த்தம். எதைப் பதிவது? இங்க்ஸ்கேப்பில் ஒரு செவ்வகத்தை இழுத்தால் அதன் எக்ஸ், ஒய் பண்புகள் மாறும். ஒரு குழுவை இழுத்தால் டிரான்ஸ்ஃபார்ம் மாறும். ஒரு பாத்தை இழுத்தால், இயல்பான அமைப்பில், டிரான்ஸ்ஃபார்மே வராது. பாத்தின் 'டி' பண்பில் இருக்கும் ஆயத்தொலைவுகள் அத்தனையும் மாற்றி எழுதப்படும். விருப்பங்களில் டிரான்ஸ்ஃபார்மைச் சேமிக்கும் விதம் 'மேம்படுத்தியது', 'அப்படியே வைப்பது' என்று இரண்டு வகையில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இயல்பாக இருப்பது முதலாவது. கையால் செய்த காரியம் ஒன்றே ஒன்று, ஆனால் கோப்பில் விழும் தடயம் மூன்று வகை. பண்பு மாறியதா என்று பார்த்துக் கீஃப்ரேம் பதியும் நிரலை எழுதினால், ஒரு பாத்தைச் சும்மா நகர்த்தியதற்கு 'வடிவமே மாறிவிட்டது' என்று பதிவு செய்துவிடும். 200 நோட், அதாவது வளைவுப் புள்ளி, உள்ள பாத்தாக இருந்தால் ஒவ்வொரு கீஃப்ரேமிலும் 200 நோடும் எழுதப்படும்.

இதற்குத் தீர்வு, அனிமேஷன் முறையில் இருக்கும்போது இழுவையை எண்ணத்தின் அளவில் பிடிப்பதுதான்: நகர்த்தினார், சுழற்றினார், பெரிதாக்கினார். சுட்டும் கருவியின் நிரல் இழுவையின் நடுவில் இதை அறிந்துதான் இருக்கிறது. எழுதும் கட்டத்துக்கு வரும்போதுதான் அந்த அறிவு தொலைந்துபோகிறது. எழுதுவதற்கு ஒரு படி முன்னாலேயே அதைப் பிடித்து, அசைவுக்கான தனிக் கணக்கில் சேர்த்துவிட வேண்டும்.

தனிக் கணக்கு என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், டிரான்ஸ்ஃபார்மை அணியாக, அதாவது மேட்ரிக்ஸாக, வைத்துக்கொண்டு அசைக்க முடியாது. என்னுடைய ஊசலையே எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் 30 பாகை, வலப்பக்கம் 30 பாகை. இரண்டு முனைகளிலும் கீஃப்ரேம். இங்க்ஸ்கேப் ஒவ்வொன்றையும் ஆறு எண்கள் கொண்ட மேட்ரிக்ஸாக எழுதி வைத்திருந்தது. நானும் அந்த ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக நேர்கோட்டில் நகர்த்தினேன். ஊசல் ஆடியது, ஆனால் பார்க்க ஏதோ சரியில்லை. அடிப்பகுதிக்கு வரும்போது குண்டு கீழே இறங்கவில்லை, தண்டு குட்டையாகி, பிறகு மறுபடி நீண்டது. கணக்குப் போட்டுப் பார்த்தால் புரிகிறது. இரண்டு மேட்ரிக்ஸுக்கும் நடுப்புள்ளியை எடுத்தால் சைன் பகுதிகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், கொசைன் 30 மட்டும் மிஞ்சும். அது 0.866. அதாவது ஊசலின் தண்டு அடியில் வரும்போது 13 சதவீதம் சுருங்கிவிடுகிறது. குண்டு வில்லில் போகாமல், வில்லின் இரு முனைகளையும் இணைக்கும் நாணின் மேல் நேராக வழுக்கிக்கொண்டு போகிறது.

அரை வட்டம் சுழற்றினால் இன்னும் வேடிக்கை. 0 பாகைக்கும் 180 பாகைக்கும் நடுப்புள்ளி பூஜ்ய மேட்ரிக்ஸ். பொருள் ஒரு புள்ளியாகச் சுருங்கிக் காணாமல் போய், தலைகீழாக மறுபடி முளைக்கும். முழு வட்டம் என்றால் தொடக்கமும் முடிவும் ஒரே மேட்ரிக்ஸ், எனவே ஒன்றுமே நடக்காது. எஸ்விஜி தரமும் இதை அறிந்துதான் அனிமேட்டிரான்ஸ்ஃபார்ம் என்ற உறுப்பில் நகர்த்தல், சுழற்றல், அளவு மாற்றல், இரண்டு வகைச் சாய்த்தல் ஆகியவற்றை மட்டும் அனுமதிக்கிறது. மேட்ரிக்ஸுக்கு அங்கே இடமில்லை. ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் நகர்வு, கோணம், அளவு, சுழற்சி மையம் என்று தனித்தனி எண்களாக வைத்துக்கொண்டு, காட்டும் நேரத்தில் மட்டும் மேட்ரிக்ஸாக்க வேண்டும். கோணத்தை 360க்குள் மடக்காதீர்கள். 720 என்று எழுதினால் இரண்டு சுற்று என்று அர்த்தம் இருக்க வேண்டும்.

சுழற்சி மையத்தை இங்க்ஸ்கேப் ஏற்கெனவே நினைவில் வைத்துக்கொள்கிறது. பொருளை இரண்டாம் முறை சொடுக்கினால் வரும் அந்தச் சின்னக் கூட்டல் குறியை நகர்த்திப் பாருங்கள். அது பொருளைச் சுற்றிய பெட்டியின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று இங்க்ஸ்கேப்பின் சொந்தப் பண்புகளாகக் கோப்பில் பதிவாகும். உலாவிகளுக்கு அந்தப் பண்பு புரியாது. எக்ஸ்போர்ட் செய்யும்போது உண்மையான ஆயத்தொலைவாக மாற்றிக் கொடுக்க வேண்டும். ஊசலில் பாதி உயிரே அந்த மையத்தில்தான் இருக்கிறது, அதனால் இதை முதல் பதிப்பிலேயே செய்துவிடுங்கள்.

வடிவம் உருமாறுவதைப் பற்றி எல்லாரும் முதலில் கேட்பார்கள். வட்டம் நட்சத்திரமாக மாற வேண்டும், பூ மலர வேண்டும். எஸ்விஜி தரப்படி இரண்டு பாத்துகளிலும் கட்டளைகளின் எண்ணிக்கையும் வகையும் வரிசையும் பொருந்தினால்தான் நடுநிலைகளை உருவாக்க முடியும். இங்க்ஸ்கேப்பில் நோட் கருவியால் ஒரு நோடைச் சேர்த்தாலே பொருத்தம் போச்சு. இதற்கு, எல்லாக் கட்டளைகளையும் முப்படி பெசியே வளைவுகளாக மாற்றி, குறைவாக உள்ள பக்கத்தில் நோட்களைச் சேர்த்துச் சமன் செய்யும் வழக்கம் உண்டு. இங்க்ஸ்கேப் பயன்படுத்தும் லிப்2ஜியோம் நூலகத்தில் வளைவை வெட்டுவதற்கான கருவிகள் எல்லாம் இருக்கின்றன. கணக்கு சுலபம். எந்த நோட் எந்த நோடாக மாற வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். தொடக்க நோட் ஒன்று தள்ளிப்போனால் வட்டம் முறுக்கிக்கொண்டுதான் நட்சத்திரமாகும். அதைப் பயனர் கையில் விடுவதே நல்லது. மூன்றாம் பதிப்புக்குத் தள்ளிவையுங்கள்.

சேமிப்புக்கு வருவோம், இங்கேதான் சண்டை வரும். ஒரு தரப்பு சொல்லும்: தரத்திலேயே ஸ்மில் என்ற அசைவுக் குறிமொழி இருக்கும்போது அதையே எழுதிவிடலாம். இன்னொரு தரப்பு: ஸ்மில் செத்துப்போனது, வலைப்பக்கத் தோற்றத்துக்கான சிஎஸ்எஸ் எழுது. மூன்றாவது தரப்பு: உலகமே லாட்டி என்ற அசைவுக் கோப்பு வடிவத்தில் இருக்கிறது.

ஸ்மில் சாகவில்லை. 2015இல் குரோம் அதைக் கைவிடப் போவதாக அறிவித்தது உண்மைதான், ஆனால் அடுத்த ஆண்டே அந்த முடிவை நிறுத்திவைத்தார்கள். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் பழைய எட்ஜும் கடைசிவரை ஆதரிக்கவில்லை. 2020இல் எட்ஜ் குரோமியத்துக்கு மாறியதோடு அந்தத் தடையும் போனது. இன்றைய முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் ஸ்மில் ஓடுகிறது. இமேஜ் குறியில் வைத்த எஸ்விஜியில் ஸ்கிரிப்ட் ஓடாது, ஆனால் ஸ்மில்லும் சிஎஸ்எஸ்ஸும் ஓடும்.

ஆனாலும் ஸ்மில்லை எடிட்டரின் சொந்த மொழியாக வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதில் 'இன்னொரு அசைவு முடிந்து ஒரு நொடி கழித்துத் தொடங்கு', 'சொடுக்கினால் தொடங்கு' என்றெல்லாம் எழுத முடியும். ஒரு நேர்கோட்டு டைம்லைனில் சொடுக்கை எந்த நொடியில் வரைவீர்கள்? எதிர்ப்பக்கம், ஓவியருக்குத் தேவையான சில விஷயங்கள் அதில் இல்லை. எல்லையைச் சற்றுத் தாண்டிப்போய்த் திரும்பி வரும் துள்ளல் அசைவைச் சிஎஸ்எஸ் வளைவில் எழுதலாம். ஸ்மில்லில் வேக வளைவைச் சொல்லும் கீஸ்ப்லைன் மதிப்புகள் 0க்கும் 1க்கும் நடுவில்தான் இருக்க வேண்டும் என்பதால் அங்கே அதை நேரடியாக எழுத முடியாது, கீஃப்ரேம்களைக் கூட்டிச் சமாளிக்க வேண்டும்.

இங்க்ஸ்கேப்புக்கு இந்த மாதிரிச் சிக்கலில் ஒரு பழைய வழி இருக்கிறது. நட்சத்திரக் கருவியால் ஒரு நட்சத்திரம் வரைந்து எக்ஸ்எம்எல் எடிட்டரைத் திறந்து பாருங்கள். எத்தனை முனைகள், ஆரம் எவ்வளவு என்பதெல்லாம் சோடிபோடி என்ற முன்னொட்டோடு சொந்தப் பண்புகளாக இருக்கும். பக்கத்திலேயே சாதாரணப் பாத்தும் இருக்கும். உலாவி பாத்தைப் படிக்கும், இங்க்ஸ்கேப் முனைகளைப் படிக்கும். திருத்துவதற்கான தகவல் சொந்தப் பெயர்வெளியில், விளைவு தரத்தின்படி. அனிமேஷனையும் அப்படியே செய்யலாம்: கீஃப்ரேம்கள் இங்க்ஸ்கேப் பெயர்வெளியில், அவற்றிலிருந்து பிறக்கும் ஸ்மில்லோ சிஎஸ்எஸ்ஸோ எக்ஸ்போர்ட்டில்.

விளைவு தரத்துக்குள் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் கறாராக இருங்கள். இங்க்ஸ்கேப் இரண்டு முறை இதில் சூடு பட்டிருக்கிறது. எஸ்விஜி 1.2 வரைவை நம்பி வழிந்தோடும் எழுத்தைச் சேர்த்தார்கள். அந்த வரைவு தரமாகவே ஆகவில்லை. உலாவியில் எழுத்து வர வேண்டிய இடத்தில் கறுப்புப் பெட்டி வருகிறதே என்று பல வருடம் புலம்பல். 2017இல் வந்த 0.92 பதிப்பில் வலைப்பின்னல் சாயம், அதாவது மெஷ் கிரேடியன்ட், சேர்ந்தது. எஸ்விஜி 2 வரைவில் அப்போது அது இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். உலாவியில் தெரிய வேண்டும் என்பதற்காக இங்க்ஸ்கேப் கோப்புக்குள்ளேயே ஒரு ஜாவாஸ்கிரிப்ட் துண்டைச் சேர்த்துச் சேமிக்கும்படி ஆனது. மூன்றாவது முறை வேண்டாம்.

வெளியிலிருந்து வரும் ஸ்மில் கோப்புகளை என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம். இன்றைக்கும் அனிமேட் உறுப்பு உள்ள கோப்பைத் திறந்தால் இங்க்ஸ்கேப் அதை அசைத்துக் காட்டாது, ஆனால் எக்ஸ்எம்எல் மரத்தில் பத்திரமாக வைத்திருந்து திரும்ப எழுதிவிடும். அந்த நாகரிகத்தைக் கெடுக்காமல் இருந்தாலே போதும். ஒரு எச்சரிக்கை மட்டும்: 'பொருளைப் பாத்தாக்கு' மாதிரியான கட்டளைகள் பழைய நோடுக்குப் பதிலாகப் புதிய நோடை வைக்கின்றன. உள்ளே குழந்தையாக இருந்த அனிமேட் உறுப்பு அப்போது உதிர்ந்துவிடும். நகலெடுத்து ஒட்டினால் ஐடி மாறும். ஐடியை நம்பி எழுதிய அசைவு அநாதையாகிவிடும். உங்கள் கீஃப்ரேம்களுக்கும் இதே கதிதான் வரும், எனவே இந்தக் கட்டளைகளின் பட்டியலைத் தொடக்கத்திலேயே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

லாட்டியைப் பற்றி. 2015இல் ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்கான பாடிமூவின் என்ற பிளக்இன்னாகத் தொடங்கி, 2017இல் ஏர்பிஎன்பி வெளியிட்ட பிளேயர்களால் கைப்பேசிச் செயலிகளுக்குள் பரவிய ஜேசன் வடிவம் அது. டெலிகிராமின் அசையும் ஸ்டிக்கர்களும் உள்ளே பார்த்தால் ஜிஜிப்பால் சுருக்கிய லாட்டிதான். அவற்றுக்கு வரம்பு 512க்கு 512 பிக்சல், அதிகபட்சம் 3 நொடி, 64 கிலோபைட். எக்ஸ்போர்ட் இலக்காக இது அருமையானது. இங்க்ஸ்கேப் படத்தை லாட்டியாக்கும் பைதான் எக்ஸ்டென்ஷன் ஏற்கெனவே உண்டு, அதை எழுதியவர்தான் பிறகு கிளாக்ஸ்னிமேட் என்ற தனி அனிமேஷன் மென்பொருளையும் தொடங்கினார். ஆனால் எஸ்விஜியின் ஃபில்டர்கள், வடிவ நிரப்பிகள் எல்லாம் லாட்டிக்கு அப்படியே போகாது. ஆகவே சேமிப்பு வடிவமாக வேண்டாம்.

'எக்ஸ்டென்ஷனாகவே எழுதிவிட்டால் யாரையும் கேட்க வேண்டாமே?' என்ற யோசனை உங்களுக்கும் வந்திருக்கும். எக்ஸ்போர்ட்டுக்கு அது சரி. டைம்லைனுக்குச் சரிவராது. இங்க்ஸ்கேப் எக்ஸ்டென்ஷன் என்பது தனியாக ஓடும் ஒரு நிரல். படத்தின் தற்காலிக நகலை வாங்கிக்கொள்ளும், மாற்றித் திருப்பிக் கொடுக்கும், செத்துவிடும். கேன்வாஸோடு பேசிக்கொண்டே இருக்கும் வழி அதற்கு இல்லை. லேயர் ஒவ்வொன்றையும் ஒரு ஃபிரேமாக எடுத்து வரிசையாகப் பிஎன்ஜி ஆக்குவது, கீஃப்ரேம்களைப் படித்துச் சிஎஸ்எஸ் எழுதுவது போன்றவை அந்த வழியில் நன்றாக வரும். பிஎன்ஜி எடுக்கும்போது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இங்க்ஸ்கேப்பைப் புதிதாகத் திறந்து மூடாதீர்கள். திரை இல்லாமல் கட்டளைகளை மட்டும் வாங்கும் ஷெல் முறையில் ஒருமுறை திறந்து கட்டளைகளை வரிசையாக ஊட்டினால், 240 முறை திறந்து மூடும் நேரம் மிச்சம். பிறகு எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ நிரலிடம் கொடுத்தால் வீடியோவாகிவிடும்.

வேகத்தைப் பற்றி இரண்டு வரி. நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிட்டத்தட்ட 42 மில்லிநொடி கிடைக்கும். இங்க்ஸ்கேப் கெய்ரோ நூலகத்தை வைத்து முக்கியமாகச் சிபியூவில் வரைகிறது. பெரிய மங்கல் ஃபில்டர் உள்ள ஒரு பொருள் அசைந்தால் அந்த நேரத்துக்குள் முடிப்பது கஷ்டம். ஃபிரேம்களைத் தவறவிட்டாலும் கடிகாரத்தோடு ஓடட்டும். மெதுவாக ஓடினால் ஓவியர் தப்பான வேகத்தை மனதில் வைத்துக்கொண்டு கீஃப்ரேம்களை நெருக்கிவிடுவார்.

மற்றவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று பார்ப்பது நல்லது. கிரிதா ஓவிய மென்பொருளாக இருந்துகொண்டே 2016இல் வந்த 3.0 பதிப்பில் ஃபிரேம் அனிமேஷனைச் சேர்த்தது. ஆனால் அது பிக்சல். ஒரு லேயரின் உள்ளே ஃபிரேம்களை அடுக்கினால் முதல் கட்டம் முடிந்துவிடும். நமக்கு நெருக்கமான பாடம் முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரில் இருக்கிறது. 2009இல் வெளிவரத் தொடங்கிய 2.5 தொடரில் அவர்கள் அனிமேஷன் அமைப்பையே திரும்ப எழுதினார்கள். ஒவ்வொரு பண்புக்கும் ஒரு பாதைப்பெயர், அந்தப் பெயரைப் பிடித்து ஓடும் ஒரு வளைவு. எந்த எண்ணை வேண்டுமானாலும் அசைக்கலாம் என்ற நிலை அப்படித்தான் வந்தது. அதைச் செய்ய மென்பொருளின் பெரும்பகுதியையே கலைத்துக் கட்ட வேண்டியிருந்தது. சின்ஃபிக் என்ற அனிமேஷன் மென்பொருள் வேறு வகை. 2005இல் கட்டற்ற மென்பொருளாக வெளியானபோதே அசைவுக்கென்று எழுதப்பட்டிருந்தது, அதனால் காலம் அதன் எலும்பிலேயே இருக்கிறது.

உங்களுக்கு வேண்டியது இந்த மாதமே ஒரு அசையும் படம் என்றால், இங்க்ஸ்கேப்பில் வரைந்து, அசைய வேண்டிய பாகங்களைத் தனித்தனிக் குழுவாக்கி, புரியும் பெயர் வைத்து, கிளாக்ஸ்னிமேட்டிலோ சின்ஃபிக்கிலோ திறந்து அசைத்துக்கொள்ளுங்கள். சின்ஃபிக்குக்கு எக்ஸ்போர்ட் செய்யும் வசதி இங்க்ஸ்கேப்போடே வருகிறது. இதில் இருக்கும் வலி ஒன்றுதான்: அசைத்த பிறகு மூக்கைத் திருத்த வேண்டுமென்றால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். வரைபவரே அசைக்கவும் முடிய வேண்டும் என்று கேட்பதற்கு உண்மையான காரணம் அந்த மூக்குதான்.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் இறங்கத்தான் போகிறீர்கள் என்றால் வேலையைத் துண்டு போடும் விதத்தைச் சொல்கிறேன். ஆறு மாதம் தனியாக உட்கார்ந்து ஒரு பெரிய கிளையாகக் கொண்டுவராதீர்கள். யாராலும் அதைப் படித்து முடிக்க முடியாது. அடித்தளமும் காலடியில் நகர்ந்துகொண்டே இருக்கும். 0.92 வெளிவந்தது 2017 ஜனவரியில், பேனல், பட்டன்களை வரையும் ஜிடிகே நூலகத்தின் 3ஆம் பதிப்புக்கு மாறிய 1.0 வந்தது 2020 மே மாதம். நடுவில் மூன்று வருடத்துக்கு மேல். இப்போது ஜிடிகே4க்கு மாறும் வேலை. நீங்கள் ஆசையாக வரைந்த பேனலை யாரோ ஒருவர் திரும்ப எழுத வேண்டியிருக்கும், அது பெரும்பாலும் நீங்கள்தான். அதனால் கீஃப்ரேம், வளைவு, 'இந்த நொடியில் என்ன மதிப்பு' ஆகிய மூன்றையும் ஜிடிகேயின் வாசனையே படாத தனி நிரலாக எழுதுங்கள்.

நீங்கள் அனுப்பும் முதல் நிரல் மாற்றம், அதாவது முதல் பேட்ச், மிகச் சின்னதாக இருக்கட்டும். திரையில் புதிதாக ஒன்றும் வேண்டாம். கீஃப்ரேம் உள்ள ஒரு கோப்பைத் திறந்து, 'இத்தனையாவது நொடியில் எப்படி இருக்குமோ அப்படிப் பிஎன்ஜி கொடு' என்று கட்டளை வரியில் கேட்டால் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதனோடு இரண்டு டெஸ்ட். ஒன்று, ஊசலை 30 பாகை இடமும் வலமும் ஆட்டி, நடுவில் தண்டின் நீளம் குறையாமல் இருக்கிறதா என்று அளப்பது. இன்னொன்று, கோப்பைத் திறந்து 240 நொடிப்புள்ளிகளையும் வரிசையாகக் கேட்டுவிட்டுச் சேமிப்பது. திறந்தவுடன் எதுவும் கேட்காமல் சேமித்த கோப்போடு அது ஒரு பைட்கூட மாறாமல் ஒத்துப்போக வேண்டும், அன்டூ பட்டியல் காலியாக இருக்க வேண்டும். என் முதல் முயற்சி இந்த இரண்டிலுமே தோற்றிருக்கும்.